போறேன் என்று சொல்கிற மனிதர்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார்கள். அடுத்த காம்பராவில் கறிவேப்பிலை கேட்கப் போனாலும் அப்படித்தான். வெறுமனே "போறேன்" என்று யாராவது சொன்னால் அம்மாவுக்கு முகம் செத்துவிடும். அந்த மனிதரோ ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் வாசலில் நின்று, "அம்மே, போறேன்" என்றுவிட்டுப் போனார்.

அவர் வட்டகொடை ஸ்டேஷனடியில் ஆட்டோ ஓட்டுகிறவர். சிங்களவர், முன்னாள் பட்டாளத்துக்காரர், இடது காது கேட்காது. பிள்ளை மடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் என் அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அக்காவுக்கும் அவரைத் தவிர வேறு நினைப்பில்லை. அம்மா மட்டும் பிடிகொடுக்கவில்லை.

"பட்டாளத்துல இருந்தவருங்கிறத விடு. சிங்களவருங்கிறதயும் விடு. வாசல்ல நின்னு போறேன்னு சொல்ற ஆளுக்கு எப்புடிடி பொண்ணு குடுக்கிறது?"

முதல் இரண்டும் அம்மாவுக்கு லேசில் விடுகிற விஷயங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வந்தது மூன்றாவதுதான்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. தமிழ் சரியாகத் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்து, ஒரு நாள் அவர் ஆட்டோவில் போகும்போதே பாடம் நடத்தினேன். "போயிட்டு வாரேன்" என்று அழகாகத் திருப்பிச் சொன்னார். ஞாயிறு வந்தது, டீவி பார்த்தார், எழுந்தார், "போறேன்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்கிறாரா? செய்தால், எதற்கு?

அடுத்த ஞாயிறு, நாங்கள் எப்போதும் சேர்ந்து பார்க்கும் சிங்கள நகைச்சுவைத் தொடரில் ஒரு பட்டாளத்துக்காரன் கதை வந்தது. ஊருக்குத் திரும்பியவனுக்கு வேலை இல்லை, தூக்கம் இல்லை, பேக்கரிப் பெண்மேல் காதல் மட்டும் உண்டு. அவளிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எங்காவது ஒரு டயர் வெடிக்கும். ஆள் மாவு மூட்டைக்குப் பின்னால் பாய்ந்துவிடுவான். அக்கா டீவியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நானும் அப்பிடித்தான். ஒருக்கா தலவாக்கலை சந்தையில, தக்காளிக் கூடைக்கு மேல விழுந்தது."

அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

கடைசியில் அந்தக் கதாநாயகன் சொல்ல வந்ததைச் சொல்லாமலே "யனவா" என்று கிளம்புகிறான். போறேன் என்று அர்த்தம். பெண்ணின் அப்பா அவன் காதைத் திருகி, "கிஹில்லா என்னம்" என்று சொல்ல வைக்கிறார். போயிட்டு வாரேன். டீவிக்குள் ஒரே சிரிப்பு. எங்கள் வீட்டில் அவர் மட்டும் சிரிக்கவில்லை.

சிங்களத்திலும் இதே வழக்கம்தானே. நாள் முழுக்க அந்தப் பாஷையும் பேசுகிற எனக்கு இது ஏன் உறைக்காமல் போனது? அப்படியென்றால் அவருடையது தமிழ்ப் பிழையே இல்லை. கேட்டுவிட்டேன்.

"அண்ணே, தெரிஞ்சேதான் போறேன்னு சொல்றீங்களா?"

அக்கா என் தொடையில் கிள்ளினாள். அவர் பிளேன்டீ கோப்பையைக் கீழே வைத்தார்.

"லீவு முடிஞ்சி கேம்புக்குப் போறப்ப, கூட்டாளி வீட்டுக்குப் போனது. அவன் அம்மாவுக்கு ரெண்டு பேரும் கிஹில்லா என்னம் சொன்னது. நான் வந்தது. அவன் வரல்ல. அந்த அம்மா இன்னும் கேக்குது, வாரேன்னுதானே சொன்னான்னு. அதுக்குப் பொறகு நான் யாருக்கும் சொல்றது இல்ல. பொய்யாப் போனா?"

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஏன்தான் கேட்டோமோ என்றும் இருந்தது, கேட்டதே நல்லது என்றும் இருந்தது.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். "அம்மே, போறேன்."

வழக்கமாக அந்த நேரத்தில் அம்மா டீவியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். அன்று எழுந்து வாசல்வரை போனார். கேட்காத காதுப் பக்கம் நிற்பது தெரிந்ததும், சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் வந்து நின்றார்.

"நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன். போயிட்டு வாங்க, மாப்புள."