ஏசிக் கிணறு

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியை துபாய்க்குப் பக்கத்து அஜ்மானில் கடைப்பிடித்த ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். நான் இரண்டாம் வகுப்பில் இருந்த வருஷம், ஆடி பிறந்ததும் காலண்டரில் நல்ல நேரம் பார்த்து, குளித்து, திருநீறு பூசி, வீட்டுக்கு முன்னால் கிடந்த மணலில் வெண்டை விதைகளை ஊன்றினார். அன்றைக்கு வெயில் நாற்பத்தெட்டு டிகிரி. விதை முளைக்கவில்லை என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். வறுத்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். அப்பா சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடைக்காரர் மகன். விவசாயம் அவருக்குப் பழமொழி அளவில்தான் தெரியும்.

அம்மா காடு கழனி உள்ள வீட்டில் பிறந்தவள். இந்த ஊருக்குக் குளிர்காலம்தான் வெள்ளாமைக் காலம், அதற்கு முன்னால் மண்ணைத் தயார் பண்ணி வைத்துவிட வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அடுத்த வருஷம் அப்பா மறுபேச்சுப் பேசாமல் அம்மாவுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நாங்கள் இருந்தது ஒரு பழைய வில்லாவின் பின்பாதி. இரண்டு அறை, ஒரு ஹால், முன்னால் ஒரு பஸ் நிற்கிற அளவுக்கு மணல். வீட்டுக்காரர் கிழவர், பக்கத்திலேயே ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். அப்பா தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டதும் மணலை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார். செடி வைத்துக்கொள்ளலாம், ஆட்டுச் சாணமும் அள்ளிக்கொள்ளலாம். ஆனால், "பைப் பானி மாஃபி. கலாஸ்." குழாய்த் தண்ணீர் மட்டும் கிடையாது, பேச்சு முடிந்தது. அந்தப் பகுதிக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். லாரித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவனை அவர் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். அது நியாயம்தான்.

அதனால் அப்பா ஏசித் தண்ணீரைப் பிடித்தார். மூன்று ஜன்னல் ஏசிகளின் பின்பக்கமும் கோடை முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாயை மாட்டி, மூன்று நீலப் பீப்பாய்களில் கொண்டுபோய் விட்டார். உப்பில்லாத நல்ல தண்ணீர். "ஏசிதான் நமக்குக் கிணறு" என்று அவர் பெருமையாகச் சொன்னதை நான் அப்படியே மனதில் வாங்கிக்கொண்டேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம் என்று பழியை அப்பா மேல் போட்டுவிடலாம். ஆனால் பாவம், அவருக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

அந்த செப்டம்பர் கடைசியில்தான் மாமா வந்தார். அம்மாவின் ஒரே தம்பி. டிப்ளமா முடித்திருந்தார், விசிட் விசாவில் வேலை தேட வந்திருந்தார். என் அறையை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் அப்பா அம்மாவோடு படுத்துக்கொண்டேன். வந்த மூன்றாம் நாள் அப்பா அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் பயந்துதான் அத்தான் நான் பிளைட் ஏறுனேன். இது எனக்கு முன்னால வந்து நிக்குதே!"

அந்த ஒன்றரை மாதம்போல எங்கள் வீடு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அப்பா துபாயில், அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். சரக்கு அடுக்கிக் கழித்துப்போட்ட மரப் பேலட்டுகளைக் கேட்டு வாங்கி, வாரம் இரண்டாகக் கொண்டுவருவார். மாமா அவற்றைப் பிரித்து, ஆணி பிடுங்கி, பாத்திகளுக்குச் சுற்றுச்சட்டம் அடித்தார். வளைந்த ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்துவது என் வேலை. அம்மா மணலைச் சலித்துச் சிப்பிகளைப் பொறுக்கினாள். வீட்டுக்காரர் மாடித் தொட்டியைக் கழுவி விட்ட நாளில், அந்தத் தண்ணீரை நான்கு பேரும் வாளி வாளியாகப் பிடித்து மணலில் ஊற்றி உப்பை இறக்கினோம். அப்பாவும் மாமாவும் ஆட்டுச் சாணத்தை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து வந்தார்கள். அப்பாவுக்கு மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. முட்டை அட்டைகளில் முளைத்த தக்காளி நாற்றுகளை மாமாதான் பிரித்து நட்டார். அவர் விரல் மண்ணுக்குள் போய் வருவதே தெரியாது. அவரைக்குப் பந்தல் போட, துறைமுகத்தில் கிழிந்துபோன மீன் வலை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தோம். மூன்று நாள் வீடே கருவாட்டுக் கடையாக மணத்தது.

வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அந்த மணலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா சிரிக்கும்போது தலையைப் பின்னால் சாய்ப்பாள் என்பதை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். தம்பி வந்த சந்தோஷம். அப்பாவுக்கும் ஆள் கிடைத்த சந்தோஷம். ஆனால் மாமா ஒவ்வொரு முறை மறுசோறு வாங்கும்போதும், "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான், நான் முப்பது நாளைத் தாண்டிட்டேன்" என்று சொல்லுவார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று எல்லாரும் சிரிப்போம்.

வேலை லேசில் கிடைக்கவில்லை. காலையில் சர்டிபிகேட் பையோடு போவார், சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகப் பாத்திக்கு வந்துவிடுவார். "ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கிடு மாப்ள. எங்க ஸ்டோர்லயே ஆள் எடுக்கப் போறாங்க, நான் பேசி வச்சிருக்கேன். விசாவை நீட்டிக்கிடலாம்" என்று அப்பா சொன்னார். மாமா தலையாட்டினார். அக்கா புருஷன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு ஆண்பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று எட்டு வயதில் எனக்கென்ன தெரியும்? மாமா எங்களோடேயே இருக்கப் போகிறார், அது போதும்.

எனக்கென்று ஒரு பாத்தியை மாமா தந்திருந்தார். ஆறு தக்காளிச் செடி. அதன் நல்லது கெட்டதுக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாரும் தொடக்கூடாது.

நவம்பர் நடுவில் ஒரு நாள் அப்பா மூன்று ஏசிகளையும் அணைத்தார். குளிர் வந்துவிட்டது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்கு மட்டும் இல்லை. கிணறு நின்றுவிட்டதே! இரண்டு பீப்பாய் ஏற்கெனவே காலி. மூன்றாவது, மாமா படுத்திருந்த என் அறைக்கு வெளியே இருந்தது. அதிலும் பாதிதான். அப்பா எல்லாப் பாத்திக்கும் அளந்து அளந்து ஊற்ற ஆரம்பித்தார். என் செடிகளுக்கு ஆளுக்கு ஒரு டம்ளர். அதில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்ததில் வழி மிகவும் எளிதாகத் தெரிந்தது. கிணறு வற்றவில்லை, மூடித்தான் இருக்கிறது. திறந்தால் தண்ணீர் வரும்.

எங்கள் எல்லாருடைய துணியும் மாமா படுத்திருந்த அறையின் இரும்பு பீரோவில்தான் இருந்தது. விடியக்காலை ஐந்தேகாலுக்கு அப்பா உள்ளே போய்ச் சட்டை எடுத்துக்கொள்வார். ஐந்தரைக்கு அவரை வேலைக்கு ஏற்றிப்போகக் கார் வந்துவிடும். அவர் வெளியே வந்து ஷூ மாட்டும்போது, யூனிபார்ம் எடுக்க நான் போவேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருப்பார். நான் பூனைபோல ஸ்டூலில் ஏறி, ஏசியின் திருகைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டு, ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைப்பேன். ஈரக்காற்று வந்தால்தான் தண்ணீர் நிறையச் சொட்டும் என்று அப்பாவே சொல்லியிருந்தார். பிறகு வெளியே போய்க் குழாயில் முதல் சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்புவேன். கரண்டு வாடகையில் சேர்த்தி, அதனால் பில் வந்து என்னைக் காட்டிக்கொடுக்கவும் வழியில்லை.

இரண்டு வாரம் இது நடந்தது. என் தக்காளிகள் தலை நிமிர்ந்தன. பீப்பாய் இறங்கவே மாட்டேன் என்கிறதே என்று அப்பா ஆச்சரியப்பட்டு, பனி இறங்குகிறது என்று தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். அம்மா காலை ஏழு மணிக்கு அந்த அறையைப் பெருக்கப் போகும்போது ஏசி ஓடிக்கொண்டிருக்கும். தம்பிக்கு ஏசி சுகம் கேட்கிறது போலிருக்கிறது, இவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்று சத்தமில்லாமல் அணைத்துவிடுவாள். இதை அவள் ரொம்ப காலம் கழித்து வேறு எதையோ பேசும்போது சொன்னாள்.

மாமா மட்டும் மாறிப்போனார். எனக்கு அது விளையாட மாட்டேன் என்கிற மாற்றமாகத்தான் தெரிந்தது. ஐந்து மணிக்கே எழுந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். சில நாள் அப்பா பீரோவைத் திறப்பதற்கு முன்பே குளித்துப் பையோடு வெளியே நின்றார். நான் பிறகுதான் உள்ளே போவேன் என்பதால் எனக்கு அது வசதியாகவே இருந்தது. மாமா திரும்பி உள்ளே வந்து பார்க்கும்போது ஆளில்லாத அறையில் ஏசி உறுமிக்கொண்டிருக்கும். மறுசோறு வாங்குவதை நிறுத்தினார். "ஜலதோஷம் பிடிச்சிருக்கா மாப்ள?" என்று அப்பா அக்கறையாகக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லத்தான்" என்றார் மாமா. அப்பாவின் முகத்தை அவர் நேராகப் பார்க்கவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், வேலை கிடைத்துவிட்டது என்று வந்து நின்றார். கட்டட வேலை, கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் ஹெல்பர். சோனாப்பூரில் தொழிலாளர் கேம்ப். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"டிப்ளமா படிச்சுட்டு ஹெல்பராவா? இன்னும் ஒரு மாசம் பொறுக்கக் கூடாதா மாப்ள?"

"நீங்க செஞ்சதே போதும் அத்தான்."

மாமா அதை மரியாதையாகத்தான் சொன்னார். மறுநாள் கம்பெனி வேன் வந்தது. நான் அழுதேன். மாமா என் பாத்திக்கு வந்து, தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

அன்று ராத்திரி அப்பா, படித்த பிள்ளையைச் சாண மூட்டை சுமக்கவிட்டேன், அதுதான் மனசு விட்டுப்போயிற்று என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இல்லை, அவனுக்குப் பிடித்தமாதிரி நான் சமைக்கவில்லை என்றாள் அம்மா. அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை பெய்து எல்லாப் பீப்பாய்களும் நிறைந்துவிட்டன. எனக்கு ஏசி தேவைப்படவில்லை. ஜனவரியில் அப்பாவின் ஸ்டோரில் ஆள் எடுத்தார்கள். வேறு யாரோ சேர்ந்தார்.

மாமா திரும்ப வந்தது ஜனவரி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. கறுத்து, கை காய்த்துப்போயிருந்தார். அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா பந்தலில் அவரைக் கொடியைக் கட்டப் போய்விட்டார். எல்லாரும் இப்படி விலகிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் என் ஆறு செடிகளையும் காட்டினேன். ஒவ்வொன்றிலும் குலை குலையாகச் சிவந்து கிடந்தது.

"அப்பா பாத்தியை விட உன் பாத்தி செழிப்பா இருக்கே. தண்ணிக்கு என்ன பண்ணுன?"

இதற்காகத்தானே நான் இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். கெட்டிக்காரத்தனத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் அது இருந்து என்ன பிரயோஜனம்? அவர் காதுக்குள் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டூல், திருகு, ஜன்னல், முதல் சொட்டு, எல்லாம்.

மாமா என் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"காலைல ஏசி போட்டது நீயா?"

"ஆமா. தினமும்."

"அப்பா போடச் சொன்னாரா?"

"அப்பாக்குத் தெரியவே தெரியாது. யாருக்குமே தெரியாது."

மாமா சிரித்தார். அடக்க அடக்க அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். திரும்பிப் பந்தல் பக்கம் பார்த்தார். அங்கே அப்பா இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறுகையால் வலைக்கு எட்டாத கொடியை எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். மாமா அவரையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து, "இத அப்பாட்ட மட்டும் என்னைக்கும் சொல்லாத, என்ன?" என்றார்.

அப்புறம் எழுந்து போய் அப்பா கையிலிருந்த கொடியை வாங்கி வலையில் கட்டினார். "அத்தான், இன்னைக்கு ராத்திரி இங்க படுத்துட்டு விடியக்காலைல போகட்டுமா?" என்று கேட்டார். அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, வீட்டுக்குள் பார்த்து, "ஏட்டி, மாப்ள இருக்கான், உலையைக் கூடப் போடு!" என்று சத்தம் போட்டார்.

மாமா ஏன் ரகசியம் காக்கச் சொன்னார் என்று நான் அன்று முழுக்க யோசித்தேன். கடைசியில் புரிந்துவிட்டது. சோனாப்பூரில் ஒவ்வொரு அறைக்கும் ஏசி உண்டு என்று சொல்லியிருந்தார். அங்கேயும் தோட்டம் போடப் போகிறார், அதற்கு என் யோசனையைத் தூக்கிக்கொண்டு போகிறார்! போனால் போகட்டும், நம் மாமாதானே. ஆனால் கண்டுபிடித்தது நான்தான் என்று கேம்பில் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று, படுக்கப் போகும் முன் அவரிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாமா சத்தியம் செய்தார்.