கடைசிக் கோட்டை வாசலும் இரண்டு வயரும்

தூத்துக்குடியில் துருவுக்கு ஒரே மருந்து தேங்காய் எண்ணெய்தான். கேட் கீல், பூட்டு, சைக்கிள் செயின், எதுவானாலும் இரண்டு சொட்டு. அந்தப் பழக்கத்தில் என் மனைவியின் வீடியோ கேம் கேசட்டுக்கும் விட்டுவிட்டேன்.

அவள் கல்லூரியில் படித்தபோது, கப்பலில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் கொண்டுவந்தது. உப்புக்காற்றில் அதன் பித்தளைப் பற்கள் கறுத்து, திரையில் கோடு கோடாக வந்தது. அவள் வெளியே போயிருந்த நேரம் பார்த்து எண்ணெய் விட்டேன். கோடு போய்விட்டது. படமும் போய்விட்டது.

கேசட்டுக்குள் காசு மாதிரி ஒரு செல் உண்டு. ஆட்டம் நின்ற இடத்தை அதுதான் காப்பாற்றி வைத்திருக்கும். கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று விட்டு விட்டு ஆடி, போன வாரம்தான் தன் வீரனைக் கடைசிக் கோட்டை வாசலில் கொண்டு நிறுத்தியிருந்தாள்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். இருபது டன் பெட்டியைப் பூப்போல இறக்குவேன். அன்று ரேடியோ கடைக்கு ஓடியபோது ஒரு காலில் என் செருப்பு, மறு காலில் மகளுடையது.

கடைக்காரர் கேசட்டைத் திறந்து முகர்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, தாளிச்சீயளா?"

ஸ்பிரிட்டால் துடைத்தார். "பல்லு சரியாயிட்டு. ஆனா செல்லு சாகக் கெடக்கு. புதுசு மாட்டுத வரைக்கும் இந்த ரெண்டு வயரையும் அழுத்திப் பிடிங்க. பென்சில் செல்லுல இருந்து கரண்ட் வரும். கைய எடுத்தீயன்னா ஆட்டம் அழிஞ்சிரும்."

பிடித்தேன். பழைய செல்லை அவர் கழற்றிய நொடியில், மேசையில் என் போன் அடித்தது. அவர் முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டார்.

"எங்க இருக்கீய?" மனைவிதான்.

"ரேஷன் கடையில. கைநாட்டு வைக்கேன், கை ஒழியல."

"கார்டு இங்கன பீரோவுல கெடக்கே. கேசட்டு எங்க?"

சொன்னேன்.

"வயர யாரு பிடிச்சிருக்கா?"

"நான்தான்."

"யேசுவே! நான் வாரது வரைக்கும் அசையாதீய."

ஆட்டோவில் கேம் பெட்டியோடு வந்து இறங்கினாள். மிக்சி ரிப்பேருக்கு வந்தவர்கள் வழிவிட்டார்கள். கேசட்டை அதில் செருகிக் கடை டிவியில் மாட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிக்கானா?"

"நிக்கான், நிக்கான். கைய விடுங்க."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அண்ணாச்சி, புதுச மாட்டி அந்த வயர வெட்டி அர மணிக்கூறு ஆச்சு" என்றார் கடைக்காரர்.

அதற்குள் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கோட்டைக் கதவை உடைக்க ஆரம்பித்திருந்தாள்.