இலையில் ஓடும் நரம்பு

அண்ணன் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த காலத்தில், எங்கள் பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடி மரியாதை நரம்புக்குத்தான். கண்டியில் டியூசன் முடிந்து வந்ததும் உரக்கப் பாடம் செய்வான். ஐதரா என்ற குட்டி நீர்ப்பிராணிக்கு மூளையே கிடையாது. உடம்பெங்கும் நரம்பு வலை, எங்கே தொட்டாலும் முழுதாகச் சுருங்கிக்கொள்ளும். மண்புழுவுக்கு வயிற்றுப்பக்கமாக ஒரு நரம்பு நாண். நம் காலில் ஏறும் அட்டைக்குக்கூடக் கண்டத்துக்குக் கண்டம் நரம்புத் திரட்டு.

"உனக்கு அதுவும் சந்தேகம்டி," என்பான் என்னிடம். மூளை இல்லாததற்கு ஞாபகமும் இல்லை என்பது அவனுடைய தீர்ப்பு.

அந்த மாதம்தான் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. விஷயம் லயம் முழுக்கத் தெரியும். தெரியாதது எனக்கும் எங்கள் ஆட்டுக்கும்தான்.

பள்ளியில் டீச்சர் ஓர் இலையைக் காட்டி, இந்தக் கோடுகள்தான் இலை நரம்பு என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நரம்பு இருந்தால் வலிக்குமே! பள்ளி விட்டதும் அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்கே ஓடினேன்.

"கிள்ளாதம்மா! இதுக்கும் நரம்பு இருக்கு, வலிக்கும்!"

பக்கத்து நிரைகளில் ஒரே சிரிப்பு. "அப்படியே நம்ம கங்காணிக்கு எத்தன நரம்புன்னும் பாத்துச் சொல்லு புள்ள," என்றார் பெரியம்மா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "கிள்ளுனா ரொம்ப நாளைக்கு வலிக்குமாடி?"

பாவம், பறிக்கவே பயந்துவிட்டாள் என்று நினைத்து அவசரமாகத் தேற்றினேன். "இல்லம்மா. அதுக்குத்தான் மூள இல்லியே. நாளைக்கே மறந்துரும்."

"யாரு கிள்ளுனாங்கன்னும் மறந்துருமா?"

"அதுவுந்தான்."

"அப்ப சரி," என்று கறை படிந்த விரல்களால் என் கன்னத்தைத் தொட்டாள். பிறகு வெகுநேரம் கொழுந்து பறிக்கவேயில்லை.

அடுத்த வாரம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. அதன்பின் நான்தான் ஐதரா. அவளுடைய சீப்பு, துவாய், கொழுந்துக்கூடையின் கயிறு, எதில் கை பட்டாலும் உடம்பு முழுதும் சுருங்கும்.

இலை நரம்பு வெறும் தண்ணீர் போகிற வழிதான் என்று பிற்பாடு நானும் படித்தேன். அம்மா இடையிடையே லீவில் வந்து போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அந்த வீட்டில் அவள் வளர்த்த பிள்ளைகளின் பிள்ளைகளை இப்போது வளர்க்கிறாள். கைபேசியில் அவள் முகம் தெரியும்போதெல்லாம், இந்த வயதிலும், அந்தக் கறைக் கை கன்னத்தில் பட வேண்டும் போலிருக்கிறது. அன்றைக்கு மலையில் அவள் கேட்டதெல்லாம் தேயிலையைப் பற்றித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.