சங்கு ஊதாத காலை

அப்பாவுக்கு நினைவு இருக்கிறதா இல்லையா என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் அந்த வருஷம் முழுக்க ஒத்துப்போகவில்லை. நான் இல்லை என்றேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் அப்பா மெக்கானிக். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் சங்கை ஊதுவதும் அவர் பொறுப்பு. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவரைக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பல வாரம் வைத்திருந்துவிட்டு, மூக்கில் ஒரு குழாயோடு அனுப்பிவிட்டார்கள். ஃபேக்டரி கொடுத்த லைன் வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தார். கண் திறப்பார், மூடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஃபேக்டரியில் வேறு யாரோ ஊதும் காலைச் சங்குக்கு மட்டும் கண் திறந்துவிடும். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த முறை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போனபோது கேட்டேவிட்டாள்.

“ஏனுங்க டாக்டர், நாங்க கூப்பிட்டாத் திரும்பறதில்லீங்க. சங்குக்கு மட்டும் முழிச்சுக்கறாருங்க. அப்ப உள்ளுக்குள்ள எல்லாம் தெரியுதுன்னுதானுங்களே?”

டாக்டர் பொறுமையான மனிதர். விழித்திருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு என்றார். விழிப்பதற்கு மூளையின் அடித்தண்டு போதும். அப்பாவுக்கு அது கெடவில்லை. தெரிந்துகொள்வதற்கு மேல்மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டுமாம். அப்பாவின் முகத்துக்கு எதிரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை மெதுவாக நகர்த்திக் காட்டினார். கண்கள் அதன் பின்னால் போகவில்லை.

“சொன்னது புரிஞ்சு ஏதாவது செஞ்சார்னா உடனே கூட்டிட்டு வாங்க” என்றார்.

திரும்பி மலையேறும்போது அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. ஒன்றும் தெரியாதவருக்கு வலி தெரியாது. வயசுக்கு வந்த மகள் துணி மாற்றிவிடுகிறாள் என்ற வெட்கமும் தெரியாது. துடைத்தேன், புரட்டிப் படுக்கவைத்தேன், குழாயில் கஞ்சி விட்டேன். எல்லாம் கை செய்தது. என் முகத்துக்கு எதிரே கண்ணாடியை நகர்த்தியிருந்தாலும் என் கண் அதன் பின்னால் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்போது பச்சை இலைக்கு விலையே இல்லை. பக்கத்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் எங்கள் ஃபேக்டரி கேட்டிலும் பூட்டு விழுந்தது. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள்.

“அப்பாகிட்ட மூச்சு உட்றாத. தாங்க மாட்டாரு.”

கேட்காத ஆளிடம் எதை மறைப்பது? எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே ஒரே மூடுபனி. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அப்பாவைத் துடைத்தேன். சங்கு ஊதும் நேரம் வந்தது, போனது. அப்பாவின் கண்கள் திறந்து ஜன்னல் பக்கம் நின்றன. மூச்சு வேகமாயிற்று. பழக்கம், வெறும் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மா ஓடி வந்து அவர்மேல் குனிந்தாள்.

“ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்க. அதான் சங்கு ஊதலைங்க.”

அப்பாவின் கண்கள் ஜன்னலை விட்டு நகர்ந்தன. மெதுவாக அம்மாவின் முகத்தைத் தாண்டி, மேலே எரிந்துகொண்டிருந்த பல்புக்குப் போய் அங்கேயே நின்றன.

அம்மா அந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். அவள் சந்தோஷப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எழுந்துபோய் சுவிட்சை அணைத்தாள்.

அரையிருட்டில் ஈரத்துணியோடு நின்றேன். அப்பாவின் வேட்டி பாதி விலகிக் கிடந்தது. போர்வையை இழுத்து மூடினேன். அத்தனை மாதத்தில் அன்றுதான் முதன்முதலாக அவரிடம் கேட்டேன்.

“அப்பா, தொடைக்கட்டுங்களா?”