மஞ்சள் பொட்டு

போன சீசனில் உக்கிரபாண்டியின் பட்டாசு வேன் விஸ்வநத்தம் வளைவில் சுவரில் மோதியது. மெக்கானிக் சாபிர் அதற்கு, பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டர் ஒன்றைப் புதிதாக மாட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "அவன் வேலை பாத்த வண்டியில ஏறாதீக" என்று உக்கிரபாண்டி ஊரெல்லாம் சொன்னார். கம்பெனி வண்டிகள் சாபிரின் பட்டறையை மறந்தன.

இன்று அதே வேன் வந்து நின்றது. பிரேக் பெடல் கல்லாய் இறுகியிருந்தது. இஞ்சின் இடுக்கில் கைவிட வேறு யாரும் சம்மதிக்கவில்லையாம்.

சாபிர் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். முறுக்கிய நட்டில் மஞ்சள் பெயிண்டால் பொட்டு வைப்பது அவர் வழக்கம். அங்கே பூஸ்டரைப் பிடித்திருந்த நான்கு நட்டிலும் பொட்டே இல்லை.

"நான் மாட்டுன புதுசு எங்க அண்ணாச்சி?"

உக்கிரபாண்டி குரலைத் தாழ்த்தினார். "மோதுறதுக்கு முந்தியே அதைக் கழட்டி மகன் வண்டிக்கு மாத்திட்டேன். இதுல பழசையே போட்டுட்டேன்."

சாபிர் மறுபடி டேஷ்போர்டுக்கு அடியில் புகுந்தார். முழங்கை தோல் உரிய, மாலைவரை பொறுமையாகப் புது பூஸ்டரை மாட்டி, நான்கு பொட்டு வைத்தார். மிச்சப் பெயிண்டால் பழைய பூஸ்டரில் 'உக்கிரபாண்டி வேன்' என்று எழுதி வாசலில் தொங்கவிட்டார்.

"பாய், அதைக் கழட்டிருங்க."

"லோடு வண்டியெல்லாம் இந்தப் பக்கந்தான் போகுது. ஏன் தொங்குதுன்னு கேக்கட்டும், அண்ணாச்சி. சொல்றேன்."