மையால் போட்ட வட்டம்

ஒரு டாக்டரிடம் நான் ஆறு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். செங்கல்பட்டில் முறையாகப் படித்துத் தேறியவன். ஆனால் அவர் வாயில் நான் எப்போதும் "மருந்து கலக்குறவன்"தான்.

ஒரு காலை, பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார். காலில் சீழ் வைத்த புண். தறிக்குழியில் காலைத் தொங்கவிட முடியவில்லை என்றார். டாக்டர் பென்சிலின் எழுதினார். நான் முன்கையில் சோதனை ஊசி குத்தி, அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். கால் மணி நேரத்தில் வட்டத்தைத் தாண்டித் தடித்துச் சிவந்துவிட்டது.

"டாக்டர், தடிப்பு வந்திருக்குது. இவருக்கு இது வேணாம்."

"கொசு கடிச்சிருக்கும். போடுய்யா."

"நான் போட மாட்டேன் சார்."

"இங்க யாரு டாக்டர்?" என்று கேட்டு, சிரிஞ்சைப் பிடுங்கி அவரே போட்டார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மனிதர் மூச்சுக்குத் திணறி பெஞ்சிலிருந்து சரிந்தார். மாற்று மருந்துக் குப்பியை உடைத்து ஏற்றியவன் நான். அரை மணி கழித்துத்தான் அவர் கண் திறந்தார்.

அழுதுகொண்டிருந்த மனைவியிடம் டாக்டர் சொன்னார்: "கம்பவுண்டர் டெஸ்ட் பண்ணாம மருந்தை எடுத்து வெச்சுட்டாரும்மா. நல்லவேளை, நான் இருந்தேன்."

நெசவாளியின் கையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். "நான் பாத்தேம்மா. வேணாம்னு சொன்னேன்."

அவள் வட்டத்தைப் பார்த்தாள். டாக்டர் பக்கம் திரும்பினாள். "இன்னா சார், தெரிஞ்சிக்கினே போட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்து, "வெளிய போடா" என்றார்.

போகுமுன் ஒரு தாளில் 'இவருக்குப் பென்சிலின் ஆகாது' என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். "எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல இதைக் காட்டும்மா."

நாலாம் நாள் டாக்டர் ஆள் அனுப்பினார். கூட்டம் தாங்கவில்லையாம், பழையதை அவர் மறந்துவிட்டாராம், வரச் சொன்னாராம். மன்னிக்கிறவர் அவராம்! போகவில்லை. இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு வாலாஜாபாத்தில் ஒரு லேடி டாக்டரிடம் சேர்ந்தேன்.

அந்த மனிதர் பிழைத்துத் தறியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் இன்றும் ஆறவில்லை. டாக்டர் தவறியதற்கல்ல, தவறு யாருக்கும் வரும். எச்சரித்தவன் தலையிலேயே பழியைக் கட்ட அவருக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லையே, அதற்கு.