டிரைவருக்குக் கொண்டுபோன கஞ்சி

எங்கள் கரையில் தண்டவாளம் கிடையாது. கொழும்பிலிருந்து வருகிற கோச்சி மட்டக்களப்போடு நின்றுவிடும். அதுவும் தொண்ணூறுகளில் வந்தால் வந்ததுதான். கல்முனையில் பிறந்தவர்களுக்குப் பயணம் என்றால் பஸ், பஸ் என்றால் டிரைவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் உம்மா சிங்கப்பூரில் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

என் வாப்பா பஸ் டிரைவர். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஓட்டினார். நோன்பு மாதத்தில் அவருடைய பின்னேர ஓட்டம் பாலமுனையைத் தொடும்போது நோன்பு திறக்கிற நேரம் வந்துவிடும். றோட்டோரத்து வீட்டுப் பெண்கள் கஞ்சியைப் போத்தலில் ஊற்றி, இரண்டு பேரீச்சம்பழத்தைக் கடதாசியில் சுற்றி, வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். பஸ் மெதுவாகும். வாப்பா யன்னலால் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். அடுத்த நாள் காலையில் அதே வேலிக்கு முன்னால் ஹோர்ன் அடித்து வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்த பெண்ணின் பேர் அவருக்குத் தெரியாது, அவளுக்கும் இவர் பேர் தெரியாது. நோன்பாளி ஒருவர் வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

யுத்தம் மூண்ட தொண்ணூறில் ஒரு நாள் அந்த பஸ் திரும்பி வரவில்லை. பொத்துவில் பக்கத்துக் காட்டு ஓரத்தில் அதைக் கண்டெடுத்தார்கள். சாவி அதிலேயே இருந்தது, வாப்பா இல்லை. மறித்தது யார், கொண்டுபோனது எங்கே என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். கண்ணால் கண்டவர் என்று ஒருவரும் வரவில்லை. அடக்க ஜனாஸாவும் இல்லை, போய் நிற்கக் கபுறும் இல்லை.

புருஷன் மவுத்தாகிவிட்டால், அந்த மரணத்துக்காக எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தா இருப்பார்கள். உம்மா இருக்கவில்லை. சொந்தக்காரர்கள் நயமாகச் சொன்னார்கள், பிறகு அதட்டிச் சொன்னார்கள். உம்மாவிடம் எல்லாருக்கும் ஒரே பதில்தான்.

“மவுத்தக் கண்ட ஒராளக் கூட்டி வாங்க. அண்டைக்கே இத்தா இரிக்கன்.”

வருடா வருடம் நோன்பு வந்ததும் வாப்பாவின் கோப்பையில் கஞ்சி ஊற்றி மூடி வைப்பார். நோன்பு திறந்து மஃரிப் தொழுது முடிந்ததும் வாசலுக்கு வருகிற யாருக்காவது அதைக் கொடுத்துவிடுவார். ஒரு நாளும் தான் குடித்ததில்லை, எங்களையும் தொட விட்டதில்லை.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதோடு நான் கணக்கு ரீச்சர். இல்லாததை இருக்கிறதாக வைத்துக்கொண்டு எத்தனை வருடம் போவது? மரணப் பதிவுக்கான விண்ணப்பத்தை எடுத்து, எல்லாவற்றையும் நானே நிரப்பி, உம்மா கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டு வைத்திருந்தேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது அதை வைத்துச் சண்டை பிடிப்பேன். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி கழுவப் போய்விடுவார். ஒன்பது வருடம் இப்படியே போனது.

தொண்ணூற்றொன்பதின் கடைசியில், எனக்கு மூத்தவளான என் ராத்தாவுக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. எங்கள் ஊரில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், பிள்ளைப்பேறும் உம்மா வீட்டில்தான். ஆனால் அவள் புருஷனான மச்சானுக்குச் சிங்கப்பூரில் வேலை, ராத்தாவும் அங்கேதான் இருந்தாள். ஆகவே உம்மா போக வேண்டி வந்தது. உம்மாவைத் தனியே அனுப்ப முடியாதென்று நானும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடப் போனேன். அந்த விண்ணப்பத்தையும் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டேன். ராத்தாவும் சேர்ந்து சொன்னால் உம்மா மனம் மாறுவார் என்று எனக்கு ஒரு நப்பாசை.

ராத்தாவின் வீடு நகரத்துக்கு வெளியே, மாடி வீடுகள் மட்டுமே உள்ள ஒரு பகுதியில் பத்தாம் மாடியில் இருந்தது. நாங்கள் போவதற்குச் சில வாரம் முன்னர்தான் அந்தப் பகுதிக்கென்று ஒரு சின்னக் கோச்சியை ஓட விட்டிருந்தார்கள். ஒரே ஒரு பெட்டி. தூண்களுக்கு மேலே போட்ட பாதையில், ரப்பர் சில்லில், வீடுகளுக்கு நடுவால் வளைந்து போகும். வட்டமாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கடகட சத்தம் இல்லை, புகை இல்லை, டிரைவரும் இல்லை. எங்கோ ஒரு கட்டடத்துக்குள் இருக்கிற கம்பியூட்டர்தான் ஓட்டுகிறது என்று மச்சான் விளக்கினார்.

உம்மா வாழ்க்கையில் ஏறிய முதல் கோச்சி அதுதான், நான் ஏறியதும் அதுதான். ராத்தாவை டொக்டரிடம் கூட்டிப் போக இரண்டு தடவை போனோம். வீடுகளுக்கு மிக அருகில் போகும்போது வண்டியின் கண்ணாடி தானாகவே பால் மாதிரி வெளுத்துவிடும். தாண்டியதும் தெளிந்துவிடும். பொம்புளைகள் இருக்கிற வீட்டுக்குள் கண் போகக் கூடாது என்று செய்திருக்கிறார்கள், நல்ல மனிசர் என்று உம்மாவுக்குப் பெரிய திருப்தி. டிரைவர் இல்லை என்பதை மட்டும் அவர் நம்பவில்லை. முன்பக்கத்தில் எப்போதும் ஆட்கள் அடைத்துக்கொண்டு நின்றதால் எட்டிப் பார்க்கவும் கிடைக்கவில்லை.

“வீட்டை மறைக்கத் தெரிஞ்சவனுக்கு டிரைவர மறைக்கத் தெரியாதா?” என்று என்னைக் கேட்டார். நான் கோபத்தில் கம்பியூட்டரைப் பற்றி ஒரு பாடமே நடத்தினேன். சின்னப் பிள்ளை சொல்லும் கதையைக் கேட்பதுபோல் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ராத்தாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிறகு நோன்பு வந்தது. அங்கே நோன்பு திறக்க ஏழு மணியாகும், வெளியே பாங்கும் கேட்காது. மணிக்கூட்டைப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். உம்மா அங்கேயும் வாப்பாவின் பங்கை ஒரு கோப்பையில் மூடி வைத்தார். கொடுப்பதற்குத்தான் ஆள் இல்லை. பத்தாம் மாடிக் கதவை யார் தட்டப் போகிறார்கள்? இரண்டு நாள் மச்சான் குடித்தார். அது உம்மாவுக்குப் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. குசினி யன்னலால் பார்த்தால், சரியாக நோன்பு திறக்கிற நேரத்தில் அந்தக் கோச்சி கீழே வளைந்து போகும். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் நாள் பின்னேரம் கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றினார். இரண்டு பேரீச்சம்பழத்தைக் கடதாசியில் சுற்றினார். சீலையைத் தலைக்கு இழுத்து மூடிக்கொண்டு, என்னையும் வரச் சொன்னார்.

“டிரைவருக்குக் குடுக்கப் போறன். பாவம், அவரும் நோன்பாளியா இரிக்கலாம்.”

நான் கத்தினேன். பிள்ளை எழும்பிவிடும் என்று ராத்தா அதட்டினாள். உம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். லிப்டில் இறங்கும்போதும் புறுபுறுத்தேன், ஸ்டேஷன் படியில் ஏறும்போதும் புறுபுறுத்தேன். ஸ்டேஷனில் ஒரு உத்தியோகத்தர்கூட இல்லை. தின்னவும் குடிக்கவும் கூடாது என்ற அறிவித்தல் மட்டும் படம் போட்டுத் தொங்கியது. வண்டி வந்தது. என்னவோ அன்றைக்கு ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. பிளாஸ்கை நீட்ட முன்னுக்கு யன்னல் இல்லாததைக் கண்டு உம்மா கொஞ்சம் திகைத்தார். பிறகு உள்ளே ஏறி முன்பக்கம் நடந்தார். சொன்னால் கேட்கிற ஆளா, போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வரட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றேன்.

கதவு மூடிக்கொண்டது.

நான் ஓடிப் போய்க் கதவில் இரண்டு தட்டுத் தட்டினேன். எங்கள் ஊரில் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டினால் எந்த டிரைவரும் நிறுத்துவார். டிரைவர் இல்லை என்று நாள் கணக்காக வாதாடிய நான்தான் தட்டினேன். வண்டி சத்தமில்லாமல் புறப்பட்டது. உம்மா முன்பக்கம் பார்த்தபடி நின்றார், திரும்பவில்லை.

சுவரில் உதவிக்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். ஆணின் குரல் ஒன்று ஆங்கிலத்தில் விசாரித்தது. அழுகையும் ஆங்கிலமும் கலந்து எதையோ சொன்னேன். அங்கேயே நில்லுங்கள், வண்டி சுற்றி அங்கேதான் வரும், இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றது குரல். நடுவில் இறங்கிவிட்டால் என்று கேட்டேன். அங்கேயே நில்லுங்கள் என்றுதான் குரல் திருப்பிச் சொன்னது.

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டு விலாசம் தெரியாது. அந்தப் பகுதியில் ஸ்டேஷன்கள் எல்லாம் ஒரே அச்சு, கட்டடங்களும் அப்படித்தான். எங்கேயாவது இறங்கினால் தேடி எடுக்கவே முடியாது. ஏழு மணி ஆனது, தாண்டியது. நோன்பு திறக்க என்னிடம் ஒரு மிடறு தண்ணீர்கூட இல்லை. வண்டி வளைந்து வருகிற திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வண்டி வந்தது. கதவு திறந்தது, மூடியது, உம்மா இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. என் வாயைச் சும்மா வைத்துக்கொண்டு கூடவே ஏறியிருக்கலாம், குறைந்தது கையையாவது பிடித்திருக்கலாம் என்று என்னையே திட்டினேன். வாப்பாவும் வண்டியோடுதான் போனார். இவரையும் வண்டியிலா விட்டுவிட்டேன் என்று நினைத்தபடி அங்கிருந்த கதிரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தும் கண்ணைத் திருப்பத்திலிருந்து எடுக்க முடியவில்லை. நான் எடுத்தால் வண்டி வராது என்பதுபோல் இருந்தது. உம்மா ஒன்பது வருடம் எப்படி இருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

மூன்றாவது வண்டியில் உம்மா இருந்தார். ஆக முன்னுக்கு உள்ள இருக்கையில், கண்ணாடிக்கு நேரே, பிளாஸ்கை மடியில் வைத்தபடி. கதவு திறந்ததும் பதறாமல் எழும்பி இறங்கினார். நான் கட்டிப்பிடித்து அழுதேன். உம்மா அழவில்லை. என்னைக் கதிரையில் உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஒராளும் இல்ல மகள். முன்னுக்குப் போய்ப் பாத்தன். கண்ணாடியும் பாதையும்தான்” என்றார்.

பிளாஸ்கை வாங்கினேன். அது பாரமில்லாமல் இருந்தது.

“நேரம் போய்த்து. வாப்பாட பங்க நானே குடிச்சிட்டன்.”

பிறகு, சீலை வாங்கப் போகிறேன் என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

“ஊருக்குப் போன உடன இத்தா இரிக்கன். அந்தக் கடதாசிய நீ கொண்டு வந்திரிப்பாய். எடு, கையெழுத்து வெச்சித் தாறன்.”

ஒன்பது வருடம் நான் கேட்டுச் சண்டை பிடித்த வார்த்தை அது. ஆனால் என் கை கைப்பைக்குப் போகவில்லை. உம்மா வாப்பாவை உயிரோடு வைத்திருந்தபடியால்தான் என்னால் இத்தனை வருடம் கோபமாகவே இருக்க முடிந்திருக்கிறது. நான் வாப்பாவுக்காக ஒழுங்காக அழுதது கிடையாது. கைப்பை என் தோளில்தான் கிடந்தது. பென்சில் புள்ளடி போட்ட கடதாசி அதற்குள் இருந்தது.

“கொண்டு வரல்ல உம்மா. வீட்டு அலுமாரிக்குள்ள இரிக்கி” என்றேன்.

உம்மா கைப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டில் மிச்சம் வைத்திருந்த ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினார்.

“இந்தா, நோன்பத் திற.”

பொய் சொன்ன வாயோடு வாங்கித் தின்றேன்.